முதுகில் மண் படாத என் அண்ணன்

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அண்ணனோடு மண்ணில் உருண்ட தோழர்களுக்கும் தங்கை கைகூப்பி எழுதிக்கொள்வது. முன்பக்கத்தில் சித்தப்பா எழுதிய கட்டுரையில் அண்ணன் ஜெயித்ததெல்லாம் வரிசையாக இருக்கிறது. என்னையும் அப்படியே எழுதச் சொன்னார். "ஏட்டி, நல்லதை மட்டும் எழுது. வாரவிய படிச்சிட்டு மனசு கஷ்டப்படக் கூடாது பாத்துக்கோ" என்றார். சித்தப்பா என்னை மன்னிக்க வேண்டும். ஒரு வருஷமாக நெஞ்சில் கிடப்பதை இங்கே இறக்கி வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நான் வாயாடி என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். வாயைத் திறக்க வேண்டிய ஒரே ஒரு நேரத்தில் மூடிக்கொண்டிருந்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

அண்ணன் பிறந்தது புதூரிலிருந்து உள்ளே தள்ளி, மழை பெய்தால் பஸ் வராத எங்கள் ஊரில். அப்பா மானாவாரியில் கம்பும் உளுந்தும் போட்டார், மீதி நாளில் ஆடு மேய்த்தார். அண்ணனுக்கு ஒன்பது வயதும் எனக்கு நாலு வயதும் இருக்கும்போது அப்பா தவறிவிட்டார். அதற்குப் பிறகு அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் போய் எங்களை ஆளாக்கினார். அப்பாவின் நினைவாக வீட்டில் மிஞ்சியது ஒரு வெள்ளைத் துண்டு.

எங்கள் கரிசலில் குஸ்தி போட முடியாது. நனைந்தால் காலைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் வெடித்துக் கல்லாகக் கிடக்கும். அதனால் ஊர் இளவட்டங்கள் டிராக்டரில் செம்மண் கொண்டுவந்து, எண்ணெயும் மோரும் மஞ்சளும் விட்டுப் பிசைந்து, அம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு களம் போட்டிருந்தார்கள். முதுகு மண்ணில் பட்டால் தோல்வி, அவ்வளவுதான் சட்டம். அண்ணன் பதினாலு வயதில் அதில் இறங்கினார். பதினாறு வயதில் சுற்றுப்பட்டு ஊர்களின் கோயில் கொடைத் திருவிழாக்களில் எல்லாம் அண்ணன் பேர்தான்.

ஒவ்வொரு தடவையும் ஆட்டம் முடிந்ததும் அம்மா அந்த வெள்ளைத் துண்டோடு களத்து ஓரத்தில் நிற்பார். நெஞ்சு, கை, கால் எல்லாம் செம்மண் அப்பியிருக்கும். அம்மா அதையெல்லாம் தொட மாட்டார். அண்ணனைத் திருப்பி நிறுத்தி முதுகை மட்டும் ஒத்தி எடுத்து, துண்டை விரித்து ஊருக்குக் காட்டுவார். வெள்ளைத் துண்டு வெள்ளையாகவே இருக்கும். பெண்கள் குலவை போடுவார்கள். எனக்கு அந்தக் காலத்தில் அதைவிடப் பெருமையான காட்சி வேறு எதுவும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் ஒரு கொடையில் அண்ணன் விழுந்தார். எதிராளி கழுத்தைப் பிடித்துத் திருகி, தூக்கி அடித்துவிட்டான். அம்மா வழக்கம்போல் முதுகை ஒத்தினார். துண்டு முழுக்கச் செம்மண். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்து போய் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அண்ணன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் மல்லாந்து படுத்து நான் பார்த்ததில்லை. குப்புறப் படுப்பார், இல்லாவிட்டால் ஒருக்களித்து. "ஏண்ணே, பாயில ஒன்னைய யாரு தள்ளப் போறா?" என்று கேலி பண்ணியிருக்கிறேன். எதற்கும் சிரிக்கிற மனிதர் அதற்கு மட்டும் சிரிக்கவில்லை.

போலீஸ், ரயில்வே என்று விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அண்ணன் ஏறாத படி இல்லை. ஒவ்வொரு தடவையும் மஞ்சள் பையில் சான்றிதழ்களோடு திரும்பி வருவார். கடைசியில் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் காவலுக்கு நின்றார். அந்த முதலாளி அண்ணாச்சிதான், "இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு கேட்டுல நிக்கவா போற?" என்று பம்பாயில் ஒரு பயிற்சிக்கூடத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே இருந்த மாஸ்டர் தாராவியில் பிறந்து வளர்ந்தவர், பூர்வீகம் நம்ம பக்கம். அவர்தான் அண்ணனை அந்தப் புதுச் சண்டைக்குத் திருப்பினார். குஸ்தி, குத்து, உதை, கழுத்துப் பிடி எல்லாம் கலந்தது அது. கம்பிவலைக் கூண்டுக்குள் இரண்டு பேரை விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். அம்மாவிடம் அண்ணன் போனில் சொன்னது, "நம்ம கொடை மாதிரிதாம்மா. சுத்தி வேலி போட்டிருக்கு, அவ்வளவுதான்."

ஆரம்பத்தில் அண்ணன் தொட்டதெல்லாம் ஜெயம். பாங்காக், சிங்கப்பூர் என்று கூப்பிட்டார்கள். எங்களுக்கு ஓட்டு வீடு போய்க் காரை வீடு வந்தது, எனக்குக் கோவில்பட்டியில் கல்யாணம் முடிந்தது. ஆனால் ஒவ்வொரு லீவுக்கும் வருகிற அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளாக இருந்தார். காது இரண்டும் வீங்கிச் சுருங்கிவிட்டன. குழம்பில் உப்பு போட்டதை மறந்து மறுபடியும் போடுவார். ஒரு தடவை என்னைச் செத்துப்போன அத்தை பேர் சொல்லிக் கூப்பிட்டார். சரி, களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அண்ணன் கொண்டுவந்த சிடி ஒன்றை என் வீட்டில் போட்டுப் பார்த்தோம். என் வீட்டுக்காரர் கைதட்டிக்கொண்டே பார்த்தார். எனக்குக் கைதட்ட வரவில்லை. கீழே விழுந்தவுடன் அண்ணன் சட்டென்று குப்புறத் திரும்பிக்கொண்டார். எதிராளி முதுகில் ஏறி உட்கார்ந்து காதிலும் பிடரியிலும் குத்திக்கொண்டே இருந்தான். அண்ணன் திரும்பவே இல்லை. சிடியில் இருந்த அடுத்த சண்டையிலும் அதேதான்.

பம்பாய் மாஸ்டரே எனக்குப் போன் பண்ணினார். "தங்கச்சி, நான் சொல்லிச் சொல்லி ஓஞ்சிட்டேன். விழுந்தா மல்லாக்கப் படுக்கணும். அப்போதான் கையும் காலும் குடுத்துத் தடுக்க முடியும். இதுல முதுகு பட்டா தோல்வி கெடையாது. ஒங்க அண்ணன் கேக்க மாட்டேங்குதாரு. அவுகளுக்கு அம்மா சொன்னாத்தான் ஏறும். ஒங்க அம்மாவ ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க" என்றார்.

அந்த லீவில்தான் தலைவலி தாங்காமல் அண்ணன் என்னோடு மதுரைக்கு வந்து ஸ்கேன் எடுத்தார். மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்த அடையாளம் இருக்கிறது, இனிமேல் தலையில் அடிபட்டால் உயிருக்குப் பொறுப்பில்லை என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "அண்ணே, மல்லாக்கப் படுத்தாத்தான் என்ன? சாமி குத்தமா?"

"ஏட்டி, அன்னைக்கு அம்மா ஒரு வார்த்தை பேசல. அந்த மொகத்த இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "இந்த டாக்டர் விஷயம் அம்மாவுக்குத் தெரியக் கூடாது. இன்னும் ஒரே ஒரு சண்டை, கையெழுத்துப் போட்டாச்சு, அதோட சரி" என்று என் மடியில் இருந்த பிள்ளையின் தலையில் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் கொடுத்தேன். மாஸ்டர் சொன்னதை அம்மாவிடம் சொல்லப் போனால் டாக்டர் சொன்னதும் வெளியே வந்துவிடும் என்று அதையும் விழுங்கிவிட்டேன். நாங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா அடுப்படியில் அண்ணனுக்கு முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். பத்தடி தூரம்கூட இல்லை. அன்றைக்கு ஏன் பேசவில்லை என்று போய்க் கேட்டிருக்கலாம்.

அண்ணன் போனார், சண்டை போட்டார், தோற்றார். ஆனாலும் நடந்துதான் வந்தார். கோவில்பட்டி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, பையைக்கூடக் கீழே வைக்காமல் என்னிடம் முதலில் சொன்னது இதுதான். "முதுகு படல ஏட்டி." நான் அவர் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த சில மாதங்களில் பேச்சு குழறியது. நடக்கும்போது இடது கால் இழுத்தது. அதற்கு மேல் சத்தியமாவது மண்ணாவது என்று அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், ஸ்கேன், மாஸ்டர் சொன்னது, துண்டு, எல்லாம். அம்மா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் எங்கட்டி கோவப்பட்டேன்?" என்றார் அம்மா. "அன்னைக்குக் கொடையில அந்தப் பய கழுத்தப் பிடிச்சுத் திருகவும் எம்புள்ள போயிட்டான்னே நெனச்சேன். எனக்கு வாய் கட்டிப்போச்சு. பஸ்ஸுல உக்காந்து மொகத்த அங்கிட்டுத் திருப்பிக்கிட்டு அழுதேன். அவன் விழுந்தா எனக்கென்ன, எந்திரிச்சு வந்தாச் சரிதான?"

அப்படியே எழுந்து ஓடினார். குப்புறக் கிடந்த அண்ணனின் தலையைத் தடவி, "மல்லாந்து படுய்யா, என் ராசால்ல. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று கெஞ்சினார். அண்ணன் அம்மாவை உற்றுப் பார்த்தார். யார் என்று தெரிந்த மாதிரி இல்லை. திரும்பவும் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மதுரை ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார். பன்னிரண்டாம் நாள் காலையில் எங்களை விட்டுப் போய்விட்டார். பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து திரும்பிய பஸ்ஸில் ஆரம்பித்த ஒரு தப்புக் கணிப்பை, ஒரே ஒரு கேள்வி கேட்டு நான் முடித்திருக்கலாம். என் அண்ணன் இன்று உயிரோடு இருந்திருப்பார் என்றுதான் நான் நம்புகிறேன். யாரும் என்னைத் தேற்ற வேண்டாம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். கார் கொடுத்து மதுரைக்கும் ஊருக்கும் அலைந்த முதலாளி அண்ணாச்சிக்கு, ரயில் பிடித்து வந்து மூன்று நாள் எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்த பம்பாய் மாஸ்டருக்கு, ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்த, என் வீட்டுக்காரரின் அக்காவான கடம்பூர் மதினிக்கு, திட்டிக்கொண்டே இந்த மலரை அச்சிடக் கொடுத்த சித்தப்பாவுக்கு.

அண்ணனின் களத்துத் தோழர்களுக்கு மட்டும் நன்றியோடு ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. அப்பாவுக்குப் பக்கத்தில், எங்கள் புஞ்சையிலேயே அண்ணனுக்குக் குழி வெட்டினார்கள். பெண்கள் அங்கே வருவது வழக்கமில்லை. அம்மா பின்னாலேயே நடந்து வந்தார், யாரும் தடுக்கவில்லை. குழிக்குள் இறங்கிய தோழர்கள் அடியில் ஒரு புதுப் பாயை விரித்தார்கள். "அண்ணன் முதுகுல மண்ணு படக் கூடாதும்மா" என்றார் ஒருவர் அழுதுகொண்டே. அவர் ஆசையாகச் செய்தது அது. அம்மா போட்ட சத்தத்தில் அவர் நடுங்கிப்போய்விட்டார். அதற்குத்தான் இந்த மன்னிப்பு.

"எடுங்கய்யா அந்தப் பாய" என்றார் அம்மா. "எம்புள்ள இனியாவது மல்லாந்து படுக்கட்டும்."

அவர்கள் பாயை உருவி எடுத்தார்கள். அண்ணனைக் கரிசலில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள்.