நீல டேப் ஒட்டிய சீரம்

ஒரு விரல் அகலத்துக்கு நீல டேப். புனேயில் நான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த இடத்தில், குளிர்பெட்டியில் இருக்கும் சில பாட்டில்களின் கழுத்தில் மட்டும் அது சுற்றியிருக்கும். சுற்றியிருந்தால் அந்தப் பாட்டிலை நம்பி எடுக்கலாம் என்று அர்த்தம். எங்கள் டெக்னீஷியன் அக்கா நம்பித்தான் எடுத்தார். அன்றைக்கு டேப்பை ஒட்டியவள் நான்.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள். உடம்பிலுள்ள செல்கள் சும்மா கிடப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத குமிழிகளை ஓயாமல் வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் பார்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பார்சலுக்குள் புற்றுநோய் மருந்தை ஏற்றிவிட்டால், மற்ற இடங்களை வாட்டாமல் கட்டிக்கு மட்டும் கொண்டுபோய்க் கொடுக்குமா என்பதுதான் எங்கள் கேள்வி. குமிழி வேண்டுமென்றால் செல்களை வளர்க்க வேண்டும், வளர்க்கத் தீனி போட வேண்டும். தீனியில் கன்றுக்குட்டியின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் சேரும். வில்லங்கம் அங்கேதான். அந்தச் சீரத்திலும் கன்றின் குமிழிகள் ஏராளமாக மிதக்கும். அதனால் அதை அதிவேகமாகச் சுழலும் இயந்திரத்தில் பதினெட்டு மணி நேரம் சுற்றவிட்டு, அடியில் படிவதைத் தள்ளிவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் எடுப்போம். அப்படி எடுத்த பாட்டிலுக்குத்தான் நீல டேப்.

தீனி போடுவது அக்காவின் வேலை. புனேயின் கேம்ப் பகுதியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது. வேலூர்தான் சொந்த ஊர் என்பார், ஆனால் வேலூரைப் பார்த்ததில்லை. காலையில் இன்குபேட்டரைத் திறந்ததும் செல்களிடம், "அரே பச்சா லோக், பசிக்குதா?" என்று குழந்தைகளைக் கேட்பதுபோல் இந்தி கலந்து கேட்டுவிட்டுத்தான் தட்டை வெளியே எடுப்பார். பட்டம் வாங்குவதற்கு முன்பே என்னை 'டாக்டரம்மா' என்று கேலி செய்தவர் அவர். கை என்றால் அது கை! அவர் தொட்ட தட்டில் பூஞ்சை பிடித்து நான் பார்த்ததேயில்லை. என்னுடையதில் மூன்றுக்கு ஒன்று போய்விடும். "உங்க கைல அவசரம் இருக்குது டாக்டரம்மா" என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். உண்மையைச் சொன்னால் யாருக்குத்தான் வராது?

அந்த மழைக்காலத்தில், நிதி கொடுக்கும் குழுவுக்கு முடிவுகளைக் காட்டியாக வேண்டும் என்று எங்கள் ஆய்வகத் தலைவர் நெருக்கினார். சுழலும் இயந்திரத்தைப் பக்கத்து ஆய்வகத்தார் முன்பதிவு செய்திருந்தார்கள். எனக்குக் கிடைத்தது நான்கு மணி நேரம்தான். போதும் போ என்று சீரத்தை வெளியே எடுத்தேன். டேப்பை ஒட்டிக் குளிர்பெட்டியில் வைத்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. அக்கா அதை எடுத்துத் தீனி போட்டார், ஏட்டில் கையெழுத்தும் போட்டார்.

குமிழிகள் வழக்கத்தைவிடப் பல மடங்கு கிடைத்தன. தலைவர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அக்கா மட்டும் திரையை உற்றுப் பார்த்து, "இவ்ளோ எப்பிடி வந்துச்சு? நம்ம செல்லுங்க இவ்ளோ விடாதே" என்றார். "உங்களுக்கு எதுக்குக்கா அதெல்லாம்?" என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் தட்டுகளைக் கவனிக்கப் போய்விட்டார். சில வாரங்களில் வெளியூர் ஆய்வகம் ஒன்று எங்கள் மாதிரியைச் சோதித்துவிட்டு எழுதியது: இதில் இருப்பது பெரும்பாலும் மாட்டுக் குமிழிகள். நாங்கள் அரும்பாடுபட்டு மருந்து ஏற்றியதெல்லாம் கன்றுக்குட்டியின் குமிழிகளில்.

கூட்டம் போட்டார்கள். தீனி போட்டது யார் என்று தலைவர் கேட்டு, ஏட்டைப் புரட்டி, டேப் இல்லாத பாட்டிலை அக்கா எடுத்திருப்பார் என்று அவரே முடிவும் செய்துவிட்டார். டேப் பார்த்த ஞாபகம் என்று அக்கா இந்தியில் சொன்னார். பிறகு குரல் இறங்கி, பார்க்கவில்லையோ என்னவோ என்றார். நான் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? ஆய்வேடு முடிய ஐந்து மாதம்தான் இருந்தது. அந்தப் பயத்தில் ஏட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. போகும்போது என்னிடம் வந்து, "சாரி டாக்டரம்மா, உங்க வேலய கெடுத்துட்டேன்" என்றார். பரவாயில்லைக்கா என்றேன். ஆமாம், மன்னித்தேன்! நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. பிறகு நான் கல்லூரிகளில் இந்தக் குமிழிகளைப் பற்றிப் பேசப் போகும்போதெல்லாம், கவனம் வேண்டும் என்பதற்கு உதாரணமாக இதைத்தான் சொல்வேன். "எங்க டெக்னீஷியன் ஒருத்தர் பாட்டிலை மாத்தி எடுத்துட்டார்" என்று ஆரம்பித்து, கன்றுக்குட்டிக்கு வந்ததும் அரங்கில் சிரிப்பு எழும். ஒன்பது வருடம் சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜமாகிவிட்டது. சென்ற மாதம் அப்படிப் பேசி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "அவங்க இப்ப என்ன பண்றாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

விசாரித்து, புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்டில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். முகம் மலர வரவேற்று டீ கொடுத்தார். ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலையாம். லேபுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். "வேற லேபுல கூப்பிட்டாங்க. நான்தான் போவல. கண்ணு டேப்பப் பாத்தும் கை வேற பாட்டில எடுத்துச்சுன்னா அப்புறம் எப்பிடி என்ன நம்பறது? நோயாளிக்குப் போற மருந்தாச்சே" என்றார். டீயைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு மணி நேரம், டேப், அந்தக் கூட்டம், கல்லூரிகளில் சொன்ன கதை வரை.

அக்கா என் டீயை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "அப்ப நான் சரியாத்தான் பாத்தேனா?" என்றார். ஆமாம் என்றேன். திட்டுவார், போ வெளியே என்பார் என்று காத்திருந்தேன். அவரோ எழுந்து உள்ளறைக் கதவைத் தட்டி, "ஏங்க, வெளிய வாங்க, நான் இல்லயாம்!" என்று கூப்பிட்டார். அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தூக்கக் கலக்கத்தோடு வந்த கணவரை என் எதிரே உட்கார வைத்துவிட்டு, "மொதல்லேந்து சொல்லுங்க டாக்டரம்மா, அவரும் கேக்கட்டும்" என்றார்.

முதலிலிருந்து சொன்னேன்.