உப்பு குடித்த சுவர்

சுவருக்குள் உப்பு இருக்கிறது என்றால் மரக்காணத்தில் யாரும் அசர மாட்டார்கள். காற்றில் இருக்கிறது, துவைத்துக் காயப்போட்ட புடவையில் இருக்கிறது, சுவரில் இருந்தால் என்ன என்பார்கள். பழைய சுவரோவியங்களைக் காப்பாற்றுவது என் பிழைப்பு. எனக்கு அந்த உப்புதான் எமன்.

உப்பளங்களை ஒட்டிய சின்ன அம்மன் கோயில் அது. முன்மண்டபத்தின் மேற்குச் சுவரில், சுண்ணாம்புப் பூச்சின் மேல் அம்மனை ஆளுயரத்துக்கு எழுதியிருந்தார்கள். யார் எழுதியது என்று ஊரில் எவருக்கும் தெரியவில்லை. அந்த ஓவியத்தின் மேலேயே திருவிழாவுக்குத் திருவிழா வெள்ளையடித்திருந்தார்கள். போதாததற்கு வெளிப்பக்கம் முழுக்க சிமெண்ட். சிமெண்ட் பூசிய சுவர் மூச்சு விடாது. உள்ளே ஏறிய ஈரம் ஓவியத்தின் பக்கமாகத்தான் வெளியே வரும். அது காயும்போது உப்பு பூத்து, வண்ணத்தை உரித்துத் தள்ளிவிடும். இதைச் சொன்னபோது கோயில் கமிட்டிக்காரர் ஒருவர், "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னுதான் மேடம் பூசினோம்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பாதியைக் குடித்தேன்.

தை மாதம் வேலையைத் தொடங்கினோம். சிமெண்டை உடைத்து எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு பூசினோம். உள்ளே, உரிந்து நின்ற வண்ணச் செதில்களை மெல்லிய ஜப்பானியத் தாள் ஒட்டி நிறுத்தினோம். பூச்சு விட்டுப்போன இடங்களில் ஊசி வழியாகச் சுண்ணாம்புப் பாலைச் செலுத்தினோம். பிறகு காகிதக் கூழைச் சுத்தமான நீரில் நனைத்துச் சுவரில் அப்பி, காய்ந்ததும் எடுத்து, அது எவ்வளவு உப்பை உறிஞ்சியிருக்கிறது என்று மீட்டரில் பார்த்தோம். எத்தனை முறை அப்பினாலும் முள் இறங்கவில்லை. கடற்காற்று மட்டும் ஒரு சுவரை இவ்வளவு கெடுக்காதே என்று கமிட்டியைக் கேட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒவ்வொரு வருடமும் சீசன் முடிந்து மழை தொடங்கும் முன், கடைசியாக வாரிய உப்பில் வீட்டுக்கு ஒரு கூடை அந்தச் சுவரின் வெளிப்பக்கத்தில் கொட்டுவார்களாம். மழையில் அது கரைந்தால் அம்மன் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். கரைந்ததை அம்மன் ஏற்றுக்கொண்டாளோ என்னவோ, சுவர் ஏற்றுக்கொண்டிருந்தது.

இனிமேல் உப்பை ரோட்டோரம் இருக்கும் பலிபீடத்தில் கொட்ட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். கமிட்டியும் ஒப்புக்கொண்டு கோயில் மைக்கில் அறிவித்தது.

வேலை நடந்த நாளெல்லாம் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு அக்கா, காலை வேலை முடிந்ததும் கோயிலுக்கு வந்துவிடுவார். காலெல்லாம் உப்பு காய்ந்து வெள்ளையாக இருக்கும். வருடக்கணக்காக உப்பின் வெள்ளை வெயிலைப் பார்த்துப் பார்த்து அவருடைய இரண்டு கண்களிலும் சதை வளர்ந்திருந்தது. எப்போதும் நீர் வழியும். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்யச் சொல்லியிருந்தார்களாம். நானே கூட்டிப்போகிறேன் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன்.

"அம்மா மொதல்ல கண்ண தெறக்கட்டும் மேடம். அவளுக்கு தெறந்தா எனக்கும் தெறந்துடும்."

அம்மனின் கண்கள் இன்னும் வெள்ளைக்கு அடியில் இருந்தன. பூதக்கண்ணாடியும் அறுவைக் கத்தியுமாக, நகக்கண் அளவு நகக்கண் அளவாகச் சுண்ணாம்பைச் சுரண்டினேன். ஒரு மதியம் இடது கண்ணும் மறுநாள் வலது கண்ணும் வெளியே வந்தன. கருமை கொஞ்சமும் மங்காமல், இப்போதுதான் எழுதியது போல இருந்தன. அக்கா சுவரிடம் முகத்தைக் கொண்டுபோய், மூக்கு இடிக்கும் தூரத்தில் நின்று பார்த்தார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டு ஏதோ வேண்டிக்கொண்டார். என்ன வேண்டுதல் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சாமியிடம் சொன்னதை மனுஷியிடம் சொல்லியிருக்க மாட்டார்.

மழைக்காலம் கழித்து, சுவர் எப்படிக் காய்ந்திருக்கிறது என்று பார்க்க அடுத்த தை மாதம் போனேன். மண்டபத்துக்குள் நுழைந்து நேராகச் சுவரிடம் போனேன். அம்மனின் முகம் முழுக்க உப்பு பூத்திருந்தது. கண்கள் இருந்த இடத்தில் வெறும் பூச்சு. கீழே தரையில் ஒரு கைப்பிடி பொடி கிடந்தது. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். புதுப் பூச்சின் மேல், இடுப்பு உயரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. அந்த உயரத்துக்கு உப்பு கொட்டியிருக்கிறார்கள்.

"எவன் கொட்டினது?" என்று கத்தினேன். அங்கிருந்த பூசாரி தலையைக் குனிந்துகொண்டார்.

"நாந்தான் மேடம்" என்றபடி அக்கா சுவரைத் தடவித் தடவி வந்தார். போன வருடம் தடவாமல்தான் நடந்தார்.

"மைக்ல சொன்னாங்களே, கேக்கலியா?"

"கேட்டேன். எல்லாரும் பலிபீடத்துலதான் கொட்டினாங்க. நான் வேண்டிக்கிட்டது இந்த செவுத்துக்கிட்ட மேடம். அத போயி வேற எடத்துல எப்படி கொட்றது? கூலிக்கு பதிலா உப்பாவே கேட்டு வாங்கி, கூடை கூடையா கொட்டினேன். அத்தனையும் கரைஞ்சிடுச்சி. அம்மா ஏத்துக்கினா."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சந்தோஷமாகச் சொன்னார். என் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அக்கா என்னோடு உள்ளே வந்து ஓவியத்தின் எதிரில் நின்றார்.

"எனக்கு ஒரே பொகையா இருக்குது. கண்ணு நல்லா இருக்குதா மேடம் அவளுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. "இல்லக்கா. உப்புல உதிர்ந்துடுச்சி. கீழ கெடக்குது."

அவர் அழவில்லை. மெதுவாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையைத் துழாவி, அந்தப் பொடியை உள்ளங்கையில் வழித்தார். திருநீறு பூசப்போகிறவர் போலத் தலையை நிமிர்த்திக் கையைக் கண்ணருகே கொண்டுபோனார். நான் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன்.

"சுண்ணாம்புக்கா அது! இருக்குற கண்ணும் போயிடும்!"

"அவ கண்ணுதான மேடம் இது" என்றார். "விடுங்க."

உப்பு வாரிய கை. என் இரண்டு கைகளாலும் அதை இறக்க முடியவில்லை.