எடுத்த இடத்திலேயே வைத்தவள்

பிறர்க்குப் பாரமாகாமை அறங்களுள் ஒன்று. ஆயினும் அதனைப் போற்றுவார் குறைவு. பெறுவோர் தாம் பெற்றதை அறியாத கொடை அது. அவ்வறத்தைப் பிறவிக்குணம்போல் தாங்கியவள் ஒரு மாணவி. வரலாற்றுத் துறையில் அவளைப் 'பூனை' என்பார்கள். நடந்தால் காலடி கேளாது.

அந்நடை அவள் அக்கா வீட்டில் கற்றது. பெற்றோர் மறைந்தபின் தையற்காரியான அக்காவோடும், பேருந்துப் பட்டறையில் இரவெல்லாம் உழைத்துப் பகலில் உறங்கும் மாமாவோடும் ஓரறையில் வளர்ந்தாள். தையல் இயந்திரத்தின் இரைச்சலுக்குப் பழகிவிட்ட மாமாவின் செவி, தட்டு ஒன்று உரசினால் விழித்துக்கொள்ளும். ஆகவே ஓசையின்றிப் புழங்கவும், எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைக்கவும் தானே பழகினாள்.

பல்கலைக்கழக நூலகத்தின் மேல்மாடிதான் அவள் அமர்ந்து எழுத வாய்த்த ஒரே இடம். ஆற்று வெள்ளங்களைப் பற்றிய அவளுடைய ஆய்வேட்டுக்கு வேண்டிய பழைய அறிக்கைகள் அங்கேதான் இருந்தன, வெளியே தரமாட்டார்கள். ஏடு முடிந்தால் கல்லூரியில் வேலை. முடியாவிட்டால் அக்காவின் பக்கத்தில் இன்னொரு தையல் இயந்திரம்.

அவ்வாண்டு மேல்மாடியைக் கற்றல் மையமாக்கப் பல்கலைக்கழகம் தலைப்பட்டது. நூல்கள் ஊருக்கு வெளியே கிடங்குக்குப் போகும்; கண்ணாடி அறைகளும் மெத்தை இருக்கைகளும் வரும். மாணவர் கருத்தைக் கேட்கக் கூட்டம் கூட்டினார்கள். பெரும்பாலோர் மையத்தையே விரும்பினர், காரணமின்றி அன்று. பழைய கூடத்தில் மடிக்கணினிக்கு மின்சாரம் கிடையாது. நால்வர் கூடிக் கணக்குப் போட மாடிப்படிதான் கதி. அங்கே இருமுவதற்கே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று பொறியியல் மாணவன் ஒருவன் சொல்ல, அரங்கு சிரித்தது. அமைதி வேண்டும் என்ற சிலரும் மேல்மாடி நூல்களைப் பற்றி வாய் திறக்கவில்லை.

நூலகர் எழுந்து, அந்நூல்களைத் தொடுவார் எவருமில்லை என்றார். பூனை வாழ்வில் முதன்முறையாக ஒரு கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"நான் தினமும் எடுக்கறேன் சார்."

"எங்க கணக்குல வரலையேம்மா. படிச்சதை மேசையிலயே விட்டுட்டுப் போங்கன்னு எழுதிப் போட்டிருக்கோம். சாயங்காலம் அதைத்தானே எண்ணி அடுக்கறோம்."

"உங்களுக்கு எதுக்கு வீண் வேலைன்னு, நானே எடுத்த இடத்துல வச்சிடுவேன்."

நூலகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த வேலைய எங்களுக்கு வச்சிருக்கணும்மா. இப்பச் சொல்லி என்ன பண்றது? கிடங்குக்கு ஆர்டர் போயாச்சு."

அவர் குரலில் சினம் இல்லை, அதுவே சுட்டது. பின்வரிசையில் எவனோ பூனைபோல் கத்தினான்.

மையம் திறந்தது, பிறர்க்கு அது நன்றாகவே பயன்பட்டது. கிடங்கிலிருந்து கேட்ட தொகுதி வாரக்கணக்கில் வாராது. வந்தால் வேறு தொகுதியாய் இருக்கும். மெத்தை இருக்கைகளின் அரட்டையில் அவளுக்கு ஒரு வரியும் ஓடவில்லை. கண்ணாடி அறையோ மூவர் சேர்ந்தால்தான் கிடைக்கும். தனியே கேட்டு நின்றவளிடம் காவலாளி, "ஒத்தையா உட்கார இதென்ன லைப்ரரியாம்மா?" என்றார். இரக்கத்தோடுதான் சொன்னார்.

தலைப்பை மாற்றிக்கொள்ளும்படி பேராசிரியர் அறிவுரை கூறினார். அன்று மாலை அக்கா இயந்திரத்தை மூடிவைத்தாள்.

"இனிமே பொழுது சாஞ்சா இதை ஓட்ட மாட்டேன். நீ இங்கயே எழுது."

"அவசரத் துணியெல்லாம் கிடக்கேக்கா."

"பக்கத்துத் தெரு டெய்லரும் பிழைக்கட்டும். நீ எழுதுடி."

இயந்திரம் ஓய்ந்த அறையில், கைவசம் இருந்த அரைகுறைக் குறிப்புகளை வைத்து அவள் எழுதுகிறாள். ஏடு தேறுமா என்பது ஐயமே. யாருக்கு ஒரு துரும்பும் பாரமாகக்கூடாதென்று வாழ்ந்தாளோ, அந்த அக்காவின் வருமானத்தில் பாதியைத் தின்றுகொண்டே ஒவ்வொரு பக்கமும் நிறைகிறது. அக்கா அதைச் சொல்லிக் காட்டுவதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

அவ்வீட்டார் மூவரையும் இறைவன் காத்தருள்க. அக்காவின் விழிக்கு ஒளியும், மாமாவின் உடலுக்கு வலிவும், இளையவளுக்கு மனம் கூசாமல் பெற்றுக்கொள்ளும் துணிவும் தந்து, அக்குடியைக் குறைவின்றி வாழவைப்பதாக.