ரம்ப மேஜையின் கோணல் சட்டம்

மரம் அறுபடும்போது வரும் வாசனை வேறு, மரம் கருகும்போது வரும் வாசனை வேறு. நான் ஆறாம் வகுப்புப் படித்த அந்த மழைக்காலம் முழுவதும், ஆம்பூரில் எங்கள் பட்டறைக்குள் நுழைந்தால், தோல் பதனிடும் ஷாப்புகளின் பக்கமிருந்து வரும் சுண்ணாம்பு நெடியையும் மீறி இந்த இரண்டாவது வாசனைதான் முகத்தில் அடிக்கும். எனக்கு அது பிடித்திருந்தது என்பதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அறுத்துப் போட்ட பலகை ஒன்றை எடுத்து, அதன் ஓரத்தில் பழுப்பாகப் படிந்திருக்கும் தீய்ந்த தடத்தை மோந்து பார்ப்பேன். அது ஒரு எச்சரிக்கை என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

அப்பாவும் ரஷீத் சாச்சாவும் சேர்ந்து நடத்திய பட்டறை அது. வெளிநாட்டுக்குப் போகும் தோலை அடுக்குவதற்கான மரப்பெட்டிகள் செய்து கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள், ஒருவரை ஒருவர் 'வாடா, போடா' என்றுதான் பேசுவார்கள். பட்டறையின் நடுவில் இரும்பு மேஜை ஒன்று இருந்தது. அதன் பிளவு வழியே வட்ட ரம்பம் பாதி தலை நீட்டிச் சுழலும். ரம்பத்துக்குப் பக்கத்தில் அதற்கு இணையாக நீளமான இரும்புச் சட்டம் ஒன்று. பலகையை அதை ஒட்டித் தள்ளினால்தான் அறுப்பு நேராக வரும். பட்டறையில் அதற்கு 'கைடு' என்று பெயர். லோடு இறக்கும்போது ஒருநாள் பெரிய கட்டை ஒன்று சரிந்து விழுந்து, அந்தக் கைடின் பின்முனை ரம்பத்தின் பக்கமாகக் கோணிக்கொண்டது. அப்பா அதைச் சுத்தியலால் தட்டி, தகரத் துண்டு ஒன்றை மடித்துச் சொருகி, போல்ட்டை முறுக்கினார். இது நிற்காது, வேறு மாற்றிவிடலாம் என்று சாச்சா சொல்லியிருக்கிறார். இந்த லோடு போகட்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு எத்தனையோ லோடு போயிற்று.

ஒருநாள் மதியம், பள்ளிக்கு அரைநாள் விடுமுறை என்பதால் நான் பட்டறை வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். ரம்பத்தின் ஓசை திடீரென்று கமறி, 'டம்' என்று ஒரு சத்தம் கேட்டது. கைடுக்கும் ரம்பத்தின் பின்பல்லுக்கும் நடுவே இறுகிய பலகையை ரம்பம் தூக்கி எறிந்திருக்கிறது; அது நேராக வந்து சாச்சாவின் வயிற்றில் பாய்ந்திருக்கிறது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் மரத்தூளின் மேல் உட்கார்ந்து, இடப்பக்க விலாவைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அதனால் நாங்களும் ஒன்றுமில்லை என்றே நம்பினோம். அப்பா அவருக்குச் சோடா வாங்கிவரச் சொல்லிக் குடிக்கக் கொடுத்தார். ஒரு மணி நேரம் கழித்து சாச்சாவின் உதடு வெளுத்து, கை சில்லிட்ட பிறகுதான் கார் பிடித்து வேலூருக்கு ஓடினார்கள். மண்ணீரல் கிழிந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் தேங்கியிருக்கிறது என்று சொல்லி, அன்றே வயிற்றைத் திறந்து மண்ணீரலையே எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது. பாரம் தூக்கும் வேலை இனிமேல் கூடாது என்றார்கள்.

எப்படி நடந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா ஒரே பதிலைச் சொன்னார். சாச்சாவின் மகள் நஸ்ரீன் அக்காவுக்கு அப்போது வாணியம்பாடியில் மாப்பிள்ளை பார்த்து, பேச்சு ஏறக்குறைய முடிந்திருந்தது. "கல்யாண நெனப்புலயே இருந்தான், கவனம் தப்பிப்போச்சு" என்றார் அப்பா. ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், பெட்டி வாங்க வந்த கம்பெனிக்காரர்களிடமும் சொன்னார். சாச்சாவே அதை நம்பினார். அந்த வார்த்தை வாணியம்பாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது வேறு மாதிரி ஆகிவிட்டது. பேச்சு எடுத்ததுமே அப்பன் உயிருக்கு ஆபத்து வந்தது என்றால் அந்தப் பெண்ணின் ராசி எப்படி என்று அங்கே யாரோ கேட்டிருக்கிறார்கள். சம்பந்தம் நின்றுபோனது.

பட்டறையை மறுபடி திறந்து அப்பா தனியாக அறுக்க ஆரம்பித்தார். அம்மா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். தையல் விளிம்பிலிருந்து நூலிழை விலகினாலும் அவள் கண்ணில் பட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்தவள், பலகைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏன் எல்லாவற்றிலும் ஒரே பக்கம் தீய்ந்திருக்கிறது என்று கேட்டாள். அப்பா அடுத்த பலகையைத் தள்ளினார். அம்மா மோட்டாரை நிறுத்தச் சொல்லி, கைப்பையிலிருந்த இஞ்ச் டேப்பை எடுத்து, ரம்பத்தின் முன்பல்லிலிருந்து கைடு வரை ஒருமுறை, பின்பல்லிலிருந்து கைடு வரை ஒருமுறை அளந்தாள். பின்னால் ஓர் அரிசி கனம் குறைந்தது; அங்கேதான் பலகை நெருங்கி ரம்பத்தில் உரசித் தீய்ந்திருக்கிறது. மறுபடியும் அளந்தாள். அதே அளவுதான்.

"உங்களுக்குத் தெரியுமா இது?" என்றாள்.

அப்பா சோற்றுத் தூக்கைத் திறக்காமலேயே உட்கார்ந்திருந்தார். ஆமென்று தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று மாலையே அம்மா அப்பாவையும் என்னையும் கிளப்பிக்கொண்டு சாச்சா வீட்டுக்குப் போனாள். சாச்சா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், பாதியாக இளைத்திருந்தார். கைடு கோணலாக இருந்ததும், அவர் மாற்றச் சொன்னதும், தான் தள்ளிப்போட்டதும், பிறகு ஊரெல்லாம் அவர்மேல் பழியைப் போட்டதும் என்று அப்பா ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தார். மாத்திரை மயக்கத்தில் எல்லாம் மறந்துபோயிருந்ததோ என்னவோ, சாச்சா அப்போதுதான் கேட்பவர் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. கதவுத் திரைக்குப் பின்னால் நின்ற நஸ்ரீன் அக்காவைக் காட்டி, "எங்கிட்ட சொல்லிட்ட. அவகிட்ட சொல்லு" என்றார்.

மகள் வயதுப் பெண்ணின் முன்னால் அப்பா எழுந்து நின்று மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னார். முதல்முறை சொன்னதைவிட அது கடினமாக இருந்தது. அக்கா தரையைப் பார்த்தபடியே கேட்டுவிட்டு, "இதை அவங்க வீட்ல போய் சொல்வீங்களா?" என்றாள்.

அப்பாவும் அம்மாவும் மறுநாள் வாணியம்பாடிக்குப் போனார்கள். அந்த வீட்டில் மரியாதையாக உட்காரவைத்து, சர்பத் கொடுத்து, முழுவதையும் கேட்டுக்கொண்டார்களாம். பையனுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது என்றார்களாம். திரும்பி வந்த அப்பா, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரமே அவர் பழைய கைடைக் கழற்றி எறிந்தார். வேலூரில் லேத்துப் பட்டறை ஒன்றில் கனமான சட்டம் இழைத்து வாங்கிவந்து, போல்ட் ஓட்டைகளைப் புதிதாகத் துளைத்துப் பொருத்தினார். ஒரு பகல் வேலைதான் அது. அதற்குப் பிறகு ஒரு பலகைகூடத் தீயவில்லை. தினமும் மோட்டாரைப் போடுவதற்கு முன் இரண்டு முனையையும் அளந்து பார்ப்பார். அளக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

சாச்சா பட்டறைக்குத் திரும்பவில்லை. ஷூ கம்பெனி ஒன்றில் ஸ்டோர் பார்க்கும் வேலை கிடைத்தது. பகை என்று எதுவும் இல்லை. இரண்டு வருடம் கழித்து நஸ்ரீன் அக்காவுக்குப் பெங்களூரில் கல்யாணம் முடிவானபோது பத்திரிகையோடு அவரே வீட்டுக்கு வந்தார். "குடும்பத்தோட வந்துடுங்க" என்று அப்பாவிடம் சொன்னார். 'வாடா'வுக்குப் பதிலாக வந்த அந்த 'ங்க'வைக் கேட்டதும் அம்மா சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

இப்போது அந்தப் பட்டறை இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது முன்பாதி போயிற்று, பின்பாதியில் யாரோ பிரியாணிக் கடை வைத்திருக்கிறார்கள். சாச்சா காலமாகி மூன்று வருடம் ஆகிறது. அம்மாவும் இல்லை. திருப்பத்தூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்திலிருந்து சனிக்கிழமைதோறும் அப்பாவைப் பார்க்க வருகிறேன். மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் அடுக்குவதற்கும், கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்கும்.

போன மாதம் அப்படி உட்கார்ந்திருந்தபோது, இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டேன். ஒரு பகல் வேலைதானே, அந்தக் கைடை ஏன் அப்பவே மாற்றவில்லை? கையில் காசில்லையா, ஆர்டர் நெருக்கியதா என்று நானே காரணங்களையும் எடுத்துக் கொடுத்தேன். அப்பா விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"காசெல்லாம் இருந்துச்சும்மா. தினமும் சாயங்காலம் பாப்பேன், நாளைக்குக் கழட்டணும்னு நெனப்பேன். அசதியா இருக்கும். அவ்ளோதான்."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் மாத்திரை டப்பாவை மூடிவைத்தேன்.