கிடாரத்தின் மேல் குத்துவிளக்கு

மனைவியின் தங்கை ஆர்ஜொந்தெயில் வீடு வாங்கியிருந்தாள். குடிபூரலுக்கு எங்கள் குத்துவிளக்குத்தான் முதலில் உள்ளே போக வேண்டும், அதுவும் நல்ல நேரம் முடியும் ஒன்பதரைக்கு முன்னர். எட்டரைக்கும் நான் எங்கள் தெருவான ரூ லூயி-பிளாங்கில் நின்று கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். மணிக்கூட்டைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் ஏறியது.

ஒபர்வில்லியேயில் ஒரு மொத்தக் கடைக்குச் சாமான் வான் ஓட்டுவது என் தொழில். கிழமையில் ஐந்து நாள் பாரமானதை அடியில் வைத்துப் பட்டி இறுக்குகிறவன். சொந்தக் கார் என்றதும் அந்தப் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை. பின்பெட்டியின் அடியில், வழியில் கார் நின்றால் போட்டுக்கொண்டு இறங்க வேண்டிய மஞ்சள் அங்கிகளும் எச்சரிக்கை முக்கோணமும் கிடந்தன. அவற்றின் மேல் சப்பாத்துப் பை, சட்டிகள், பொங்கல் கிடாரம் என்று அடுக்கிவிட்டேன். விளக்கை மட்டும் அடியில் செருகப் போனேன்.

"சாமி விளக்கைச் சப்பாத்துக்குக் கீழையோ வைப்பியள்? மேலை வையுங்கோ," என்றாள் மனைவி.

"பிரேக் பிடிச்சா பறக்கும்."

"ஆறுதலா ஓடுங்கோ. நேரம் போகுது."

வாதாட எனக்கும் பொறுமையில்லை. அவ்வளவு பாரமான பித்தளையைத் துவாயில் சுற்றிக் கிடாரத்தின் மேல் கிடத்தினேன். அதற்கு நேர் முன்னால், இடையில் தடுப்பு எதுவுமில்லாமல், ஏழு வயது மகளின் ஆசனம்.

நெடுஞ்சாலையில் முன்னால் போன வாகனம் திடீரென்று மெதுவானது. பிரேக்கை மிதித்தேன். உறைந்திருந்த தார் வழுக்க, கார் தன்பாட்டில் போய் ஓரத் தடுப்பில் முட்டி நின்றது. அதே கணம் பின்னாலிருந்து விளக்கு பறந்து வந்து, முன் ஆசனத்தில் மனைவியின் தலைக்குப் பின்னாலிருந்த மெத்தையைக் கிழித்துக்கொண்டு விழுந்தது.

திரும்பிப் பார்த்தேன். மகளின் தலை தெரியவில்லை.

காலடியில் விழுந்த கையுறையை எடுக்கக் குனிந்திருந்தவள் மெல்ல நிமிர்ந்து, என்ன சத்தம் என்று பிரெஞ்சில் கேட்டாள்.

இருவரையும் இறக்கித் தடுப்புக்கு அப்பால் நிறுத்தினேன். போட வேண்டிய அங்கிகளோ எல்லாவற்றுக்கும் அடியில். பக்கத்தில் லொறிகள் இரைந்துகொண்டு போக, பனியில் சட்டி சட்டியாக வெளியே எடுத்து வைத்தேன். என் மேலேயே எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது.

உதவி வண்டி வந்து காரை இழுத்து விட்டபோது ஒன்பதரை எப்போதோ கடந்திருந்தது. கார் ஓடக்கூடியதாக இருந்தது; மனைவி மறுபடி முன்னால் ஏறினாள். விளக்கை எடுத்துத் தன் காலடியில் கிடத்தினாள். அது உருளாதபடி சப்பாத்துப் பையையே முட்டுக் கொடுத்தாள்.

"விளக்கின்ரை உச்சியிலை இருக்கிற அன்னம் ஏன் வளைஞ்சு கிடக்கு?" என்று புது வீட்டு வாசலில் வைத்தே தங்கை கேட்டாள்.

மகள் முந்திக்கொண்டு, தன் கையுறை கீழே விழுந்துவிட்டது என்று பிரெஞ்சில் சொன்னாள். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று என்று வீட்டில் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மனைவி மகளின் தலையில் கையை வைத்தாள். பால் பொங்கி முடியும்வரை அந்தக் கையை எடுக்கவேயில்லை.