ஒன்றரைக்கு ஏறும் தண்ணீர்

ஜப்பான்காரர்கள் பினாங்குக்கு வந்த பிறகு நாங்கள் கொண்டாடிய, அல்லது கொண்டாடியதாகச் சொல்லிக்கொண்ட, இரண்டாவது தீபாவளிக்கு மறுநாள் அது. அரசாங்கக் காகிதங்களில் 1943-ஐ ஜப்பானியக் கணக்கில் 2603 என்று போட்டிருப்பார்கள். கடையில் நாட்காட்டி கிடைக்காததால் சமையலறைச் சுவரில் நானே கோடு கிழித்து, தமிழ் மாதத்தையும் ஆங்கில மாதத்தையும் எழுதிவைத்திருந்தேன். அதனால் அன்று அமாவாசை என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

நாங்கள் குடியிருந்தது சுங்கை பினாங்கு ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே, ஜெலுத்தோங் சாலையிலிருந்து இறங்கிப் போகும் ஒரு சந்தில். எல்லாம் பலகை வீடுகள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல்நீர் வாசல்படி வரை வந்து திரும்பிப் போகும். அது பழகிப்போன விஷயம். அந்த முறை அதோடு விடாத மழையும் தெற்கிலிருந்து ஓயாத காற்றும் சேர்ந்துகொண்டன. ஆற்று வெள்ளம் கடலுக்குள் போக வழியில்லாமல் கரையை முட்டிக்கொண்டு நின்றது. முன்பெல்லாம் இப்படிப்பட்ட நாட்களில் செய்தித்தாளில் இரண்டு வரியாவது எச்சரிக்கை வரும். அந்த ஆண்டுகளில் வானிலையும் ராணுவ ரகசியம்.

என் கணவருக்கு அப்போது பெரிபெரி. பாயான் லெப்பாஸ் விமானத் திடலில் மண் சுமக்கப் போய், மரவள்ளிக்கிழங்கை மட்டுமே தின்று, இடுப்புக்குக் கீழே வீங்கித் திரும்பியிருந்தார். காலை விரலால் அமுக்கினால் குழி அப்படியே நிற்கும். எழுந்து நிற்க முடியாது. நீர் ஏறுவதற்குள் அவரைச் சாலைக்கு அப்பால் பள்ளிக்கூட மேட்டுக்குக் கொண்டுபோயாக வேண்டும்.

சாலை முனையில் தேநீர் விற்கும் தண்ணிக்கடை வைத்திருந்த நாகூர்க்காரரிடம் தள்ளுவண்டி ஒன்று இருந்தது. நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். காலையிலேயே போய்க் கேட்டேன். கடைக்குள்ளும் ஈரம் ஏறிக்கொண்டிருந்தது. கிழங்குமாவு மூட்டைகளை மேட்டில் சேர்த்துவிட்டு உடனே வருவதாகச் சொன்னார். எத்தனை மணிக்குள் வரவேண்டும் என்று மட்டும் அவருக்குத் தெரியவேண்டும்.

அதைச் சொல்லப் பக்கத்து வீட்டுக் கிராணியார் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், துறைமுகத்தில் நெடுங்காலம் எழுத்து வேலை பார்த்தவர். அமாவாசையை வைத்து நீர் ஏறும் நேரத்தைக் கணக்குப் பண்ணிச் சொல்வார். ஜப்பான்காரர்கள் ஊரிலுள்ள கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் தள்ளிவைத்தபோது அவர் மட்டும் தன் பைக் கடிகாரத்தைத் தொடவில்லை. தெரிந்தால் கன்னத்தில் அறை நிச்சயம். சந்தில் எல்லோருக்கும், முனைக்கடை நானாவுக்கும்கூட, தெரியும். யாரும் வெளியில் பேசியதில்லை.

கிராணியார் மழையில் நனைந்தபடி கடைக்குப் போய் நானாவிடம் நேரத்தைச் சொல்லிவிட்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் நானா எங்கள் வாசலுக்கு வந்து, மூன்று மணிக்குத்தான் தண்ணீர் உச்சத்துக்கு வருமாம், இரண்டுக்கு வண்டியோடு வருகிறேன், பயப்படாதே தங்கச்சி என்றார். நான் நிம்மதியாக அரிசிப் பானையையும் துணிகளையும் பரணில் ஏற்றினேன்.

எங்கள் சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு தாண்டியிருக்கும். தரைப் பலகைகளின் இடுக்கு வழியாக நீர் கொப்பளித்து வந்தது. வாசல் வழியாக வரும், நாம் பார்த்துக்கொண்டிருப்போம் என்று நினைத்திருந்தேன். அது அடியிலிருந்து வந்தது. கணவரைக் கட்டிலிலிருந்து இழுத்துப் பெஞ்சில் கிடத்துவதற்குள் என் முழங்கால் நனைந்தது. அப்போதுதான் கிராணியார் இடுப்பளவு நீரில் நடந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"நீங்கள் இன்னும் போகேல்லையா, பிள்ளை?"

"மூணு மணிக்குத்தானே மாமா உச்சம்? நானா ரெண்டுக்கு வர்றேன்னாரு."

"ஒண்டரை எண்டுதானே சொன்னனான்."

"உங்க மணியில ஒன்றரைன்னா, நம்ம மணியில மூணுதானே?"

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "நான் கூட்டிப்போட்டுத்தான் சொன்னனான்" என்றார் மெதுவாக.

அவர் கடிகாரம் பழைய நேரத்தில் ஓடுவதால், நானா அவர் சொன்னதோடு ஒன்றரை மணியைக் கூட்டிக்கொண்டார். அவரோ வெளியாளிடம் பேசுவதால், தன் கடிகாரத்தின் பன்னிரண்டை முன்பே கூட்டி ஒன்றரை என்றுதான் சொல்லியிருந்தார். வண்டிக்காகக் காத்திருந்தால் கூரைதான் மிஞ்சும்.

வீட்டில் தண்ணீர் பிடிக்கும் மண்ணெண்ணெய் டின்கள் நான்கு இருந்தன. வாயைத் துணியால் அடைத்து, கொடிக்கயிற்றால் பெஞ்சின் அடியில் கட்டினோம். முடிச்சுகளைக் கிராணியாரே போட்டார். கணவரைப் பெஞ்சோடு சேர்த்து என் சேலையால் கட்டி, வாசல் வழியாக வெளியே மிதக்கவிட்டோம். சந்தில் நீர் என் மார்பைத் தொட்டது. கடலை ஒட்டிய வீடுகள் காற்றில் கிறீச்சிட்டன. ஒன்று என் கண்முன்னே சாய்ந்து உட்கார்ந்தது.

சந்தின் முடிவில், சாலைக்கு இந்தப் பக்கம், ஒரு பெரிய கால்வாய். அதன்மேல் போட்டிருந்த பலகைப் பாலத்தைக் காணோம். நீர் ஆற்றை நோக்கி இழுத்துக்கொண்டு ஓடியது. பெஞ்சின் ஒரு முனை திரும்பியது. ஒரு டின் அவிழ்ந்து எங்களைத் தாண்டிப் போனது. கணவரின் தலைப்பக்கம் தாழ்ந்தது. நான் என் தோளை அடியில் கொடுத்தேன்.

"கிராணியாரே, இப்ப மணி என்ன?" என்றார் கணவர், வாயிலிருந்து நீரைத் துப்பிவிட்டு.

கிராணியார் பெஞ்சின் மறுமுனையை இழுத்துப் பிடித்தார்.

எதிர்க்கரையில் சக்கரச் சத்தம் கேட்டது. கால்வாய் பொங்குவதைப் பார்த்த நானா மூட்டைகளை நடுச்சாலையில் மழையிலேயே தள்ளிவிட்டு, வெறும் வண்டியோடு ஓடிவந்திருந்தார். வண்டியைக் கால்வாய்க்குள் இறக்கி, கைப்பிடி எங்கள் பக்கம் வரும்படி நீட்டி, பின்சக்கரத்தைத் தன் உடம்பால் தடுத்து நின்றார். கிராணியார் இரண்டு முறை எட்டினார். மூன்றாவது முறை கைப்பிடி சிக்கியது. அதைப் பிடித்தபடியே, பெஞ்சும் நாங்களுமாக அக்கரைக்கு இழுபட்டோம்.

கணவரை வண்டியில் ஏற்றி முடித்ததும் கிராணியாருக்கும் நானாவுக்கும் வாய் வந்துவிட்டது. நானாவின் பேச்சு சாலை முழுக்கக் கேட்டது.

"உங்க பையில என்ன மணி இருக்குன்னு ஊருக்கே தெரியும். வாயில என்ன மணி இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"கேட்டிருக்கலாமே. உமக்கு ஆர் கூட்டச் சொன்னது?"

நீர் சாலையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"தள்ளிக்கிட்டே சண்டை போடுங்கண்ணே" என்றார் என் கணவர், கிடந்தபடியே. "தண்ணி இன்னும் வருதுலா."

ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்தார்கள். கணவரின் கால்கள் வண்டியின் விளிம்பில் இடிக்காதபடி பிடித்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். பள்ளிக்கூட மேடு வரும்வரை அவர்கள் பேச்சு ஓயவில்லை, வண்டியும் நிற்கவில்லை.