கண்ணாடிக்குப் பின்னால் இருபது நிமிடம்

1970 பிப்ரவரி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு நாற்பது. பனி விலகி இளவெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடல் காற்றில் வழக்கம்போல் துறைமுகத்துக் கரித்தூள். ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த மாடி அறையின் கிழக்கு ஜன்னலில் தச்சர் ஆறாவது கண்ணாடியைப் பொருத்தி முடித்தார். சாத்திப் பார்த்தேன். தூள் வெளியே நின்றது, வெயில் உள்ளே வந்தது. அந்த வெயிலில் முக்காலியைப் போட்டு என் மனைவியை உட்கார வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிடம் என்று முடிவு செய்திருந்தேன்.

"கடைக் கண்ணாடிக்குள்ள வச்ச பண்டம் மாதிரி இருக்கு" என்றாள். "விலை என்ன போடப் போறீங்க?"

பேசினால் நிமிடம் தவறிவிடும் என்று நான் பதில் சொல்லவில்லை.

எனக்குத் துறைமுகத்தில் டாலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி, நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பது. எட்டு மணி நேரம் எண்ணிவிட்டு வீட்டுக்கு வந்தாலும் மனம் எண்ணுவதை நிறுத்தாது. அவள் தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அதற்குள் ஏழு காய்ச்சல். ஒவ்வொன்றும் சளியில் தொடங்கி, இருமலாகி, நான்கைந்து நாள் படுக்க வைக்கும். எங்கள் வீட்டுக்குப் பதினேழு படி. ஒன்பதாவது படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். காசநோயோ என்று பயந்து எக்ஸ்ரே எடுத்தோம். நெஞ்சு சுத்தம்.

"நோயை எதிர்க்க உடம்புல தெம்பு இல்லை" என்றார் எங்கள் தெரு டாக்டர். "வெயில் படணும், நல்லா சாப்பிடணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்பதை நான் என் வழியில் புரிந்துகொண்டேன். வெயிலுக்குக் கண்ணாடி ஜன்னல். நல்ல சாப்பாடு என்றால் வயிற்றைப் படுத்தாத சாப்பாடு: கஞ்சி, ரொட்டி, மிளகு ரசம். தினமும் மீன் சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு முதல் காய்ச்சலில் நிறுத்திய மீனை நான் திரும்பத் தரவே இல்லை. ஒரு காய்ச்சலுக்கும் அடுத்ததற்கும் இடையே, தரலாம் என்ற தைரியம் எனக்கு வந்தால்தானே.

இதற்கிடையில் மாமனாரிடமிருந்து ஒரு கார்டு. தூத்துக்குடியில் மளிகைக் கடை வைத்திருந்தவர், நான்கு வரிக்கு மேல் எழுதமாட்டார். இன்னொரு காய்ச்சல் வந்தால் சித்திரை பிறந்ததும் வந்து என் பிள்ளையைக் கூட்டிப் போகிறேன், உடம்பு தேறட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்தது. அந்தப் 'பிறகு பார்க்கலாம்' என்பதைப் பதினொரு முறை படித்தேன்.

"போனா லேசுல திருப்பி அனுப்ப மாட்டாங்க" என்றாள் அவள், கார்டைப் பார்க்காமலே.

கண்ணாடி போட்ட பிறகு பிப்ரவரி இருபத்தெட்டு நாளும் ஒரு நாள் தவறாமல் உட்கார்ந்தாள். மொத்தம் ஐந்நூற்று அறுபது நிமிடம். மார்ச் மூன்றாம் தேதி எட்டாவது காய்ச்சல் வந்தது. எனக்குப் பொய் எழுத வராது. மாமனாருக்கு எட்டு என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டு வந்து, மாடிப்படியில் ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கீழ் வீட்டு அம்மாள் கூடையோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கடற்கரை மணலில் மீன் காயவைத்துக் கருவாடு விற்பவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில், மற்ற ஆறு நாளும் மணல்.

"இன்னா நைனா, மூஞ்சி தொங்கிகினு கீது?"

சொன்னேன்.

"வெயில்ல குந்த வச்சேன்னியே, எங்க வச்சே?"

ஜன்னலைக் காட்டினேன். அண்ணாந்து பார்த்தவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"கண்ணாடிப் பொட்டிலயா? நெத்திலிய அந்த மாரி வச்சா மூணாம் நாளு புழு வச்சிடும்பா. மணல்ல போட்டு, மேல வெயில் நேரா பட்டாத்தான் அது கருவாடு. சரி, துன்றதுக்கு இன்னா குடுக்குறே?"

"கஞ்சி. ரொட்டி."

"ஐய! தூத்துக்குடி பொண்ணுக்கு ரொட்டி குடுக்குறான் பாரு. அதான் பேஜாரு பண்ணுது ஒடம்பு."

"வெளியே கரித்தூள் இருக்கே" என்றேன்.

"நான் பொறந்ததுலேந்து அத்த துன்னுகினுதான் கீறேன். எனக்கு இன்னா கொறஞ்சி போச்சு?"

கருவாடு வைத்தியமாகாது என்று டாக்டரிடம் ஓடினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் வெயில்னு சொன்னேன் சார், கண்ணாடின்னா சொன்னேன்? உடம்புக்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி நிறுத்திடும். வெறும் சூடுதான் உள்ள வரும். அதுவும் ஏழரை மணி வெயில்! பத்தியம் எத்தனை நாள்?"

"ஒன்பது மாதம்."

"மூணு நாள் போதும் சார், மூணு நாள்!"

மீன் எண்ணெய் ஒரு பாட்டில் எழுதிக் கொடுத்தார். ஏழாம் தேதி காய்ச்சல் விட்டது. ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை, ஒன்பது மணிக்கு அவள் கீழ் வீட்டு அம்மாளோடு மணலுக்குப் போனாள். கையும் காலும் வெயிலில் நீட்டி உட்கார்ந்து, நெத்திலியைப் புரட்டிப் போட்டாள். அப்போது எனக்கு இரவு வேலை; தலைவலி வருமோ, தோல் உரியுமோ என்று நான் இருபது அடி தள்ளி நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். அதன் பிறகு வாரம் ஆறு நாளும் போனாள்; அரை மணியானதும் கூப்பிட்டால், "இந்தா, இந்த வரிசை மட்டும்" என்பாள். கண்ணாடிக்குள் நான் கேட்காத சிரிப்பு அங்கே கேட்டது. மதியம் மத்திக் குழம்பும் ஒரு முட்டையும். எண்ணெயை மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு என்னை முறைப்பாள்.

பிறகு நிறையப் படித்தேன். தோலில் வெயில் படும்போது உடம்பே வைட்டமின் டி செய்துகொள்கிறது. கொழுப்புள்ள மீனிலும் ஈரல் எண்ணெயிலும் முட்டையின் மஞ்சளிலும் அது உண்டு. எலும்புக்கு மட்டுமல்ல, கிருமியோடு சண்டை போடும் ரத்த அணுக்களுக்கும் அது வேண்டும். ஆனால் ஒரே ஒருத்தியை வைத்து எண்ணிய கணக்கு எதையும் நிரூபிக்காது. வெயிலா, மத்தியா, எண்ணெயா, பேச்சுத் துணையா? எனக்கு இன்றுவரை தெரியாது. எண்ணத் தெரிந்தது காய்ச்சலில்லாத நாட்களை மட்டும்தான்.

ஏப்ரல் இருபதாம் தேதி காலை மாமனார் எழும்பூரில் வந்து இறங்கினார். வரும்போதே ஊர் திரும்ப இரண்டு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். வீட்டில் மகள் இல்லை. மணலுக்குக் கூட்டிப் போனேன். வரிசையாகக் குந்தியிருந்த பெண்களைப் பார்த்தபடி நடந்தவர், அவளையும் தாண்டிப் போய்விட்டார்.

"அப்பா!"

திரும்பிப் பார்த்தார். "என்ன மாப்பிள்ளை, பிள்ளைய இப்படிக் கருக்கி வச்சிருக்கீங்க?"

"நல்லா காஞ்சிக்கீது நைனா" என்றார் கீழ் வீட்டு அம்மாள். "இனிமே கெடாது."

மாமனார் சிரிக்கவில்லை. குனிந்து மகளின் நெற்றியில் புறங்கையை வைத்தார். கழுத்தில் வைத்தார். மறுபடியும் நெற்றி.

"நாப்பத்து மூணு நாளுப்பா" என்றாள் அவள். "அவுகளைக் கேளுங்க, நிமிஷக் கணக்கும் சொல்லுவாக."

வீட்டுக்கு வரும்போது பதினேழு படியையும் நிற்காமல் ஏறினாள். மாமனார்தான் ஒன்பதாவதில் நின்றார். மதியம் அவள் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டதைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டுகளை எடுத்துத் தரையில் வைத்தார்.

"இதுல ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு?"

"ஸ்டேஷனில் திருப்பிக் கொடுத்தால் கொஞ்சம் கிடைக்கும்" என்றேன்.

"எட்டுன்னு எழுதினது நீங்கதான மாப்பிள்ளை? அதை நம்பித்தான் வாங்கினேன்."

முழுத் தொகையையும் எண்ணிக் கொடுத்தேன். பையில் போட்டுக்கொண்டபோதுதான் அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

அவரை ரயிலேற்றிவிட்டு வந்ததும் அவள் கேட்டாள்: "அன்னைக்கே கேட்டேன், நீங்க சொல்லல. விலை என்ன ஆச்சு?"

கண்ணாடி ஆறுக்குப் பதின்மூன்றரை. பொருத்த நாலு, கழற்ற ஒன்றரை. டாக்டருக்கு இரண்டு தடவைக்குமாக நாலு. எண்ணெய் இரண்டு பாட்டில் ஏழரை. அவள் ஏறாத ரயிலுக்குப் பதினாறு நாற்பது. கீழ் வீட்டு அம்மாள் மீனுக்குக் காசு வாங்கவில்லை. நாற்பத்தாறு ரூபாய் தொண்ணூறு பைசா.